மலையேறும் பிள்ளைக்கு எந்தக் காற்சட்டை?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. ஊரில் நால்வர் நடுவே நடமாடும்போது இவ்வாக்கு நம் தோற்றத்தைக் குறிக்கும். முதுகுப்பையைச் சுமந்து மலைப்பாதையில் நடக்கும்போதோ, அதே வாக்கு நம் உடல்நலத்தைக் குறிப்பதாகி விடுகிறது.

நம் இல்லங்களிலிருந்து மலையேறச் செல்லும் இளைஞர்களின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. சாரணர் இயக்கத்தின் வழியாகவும், கல்லூரிகளில் தேசிய மாணவர் படையின் வழியாகவும் செல்வோர் உளர். தமிழ்நாடு வனத்துறையும் 2024ஆம் ஆண்டில் 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்துகொண்டு வழிகாட்டியுடன் செல்லும் முறையை ஏற்படுத்தியது. பிள்ளை புறப்படும் செய்தி கேட்டதும் பெற்றோர் முதலில் காலணியைப் பற்றிக் கவலைப்படுவர். அடுத்துப் பையைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் விசாரிப்பர். காற்சட்டையைப் பற்றி மட்டும் எவரும் எண்ணுவதில்லை. "அலமாரியில் ஜீன்ஸ் இருக்கிறதே, அது கெட்டித் துணிதானே, அதுவே போதும்" என்று முடித்துவிடுவோம். இந்த முடிவு சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெட்டித் துணி செய்யும் கேடு

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பகுதியில் ஒரு மாலை வேளை. இருபது வயது இளைஞன் ஒருவன் ஜீன்ஸ் அணிந்து நடக்கிறான். திடீரென மழை பிடித்துக்கொள்கிறது. அரைமணி நேரத்தில் மழை ஓய்ந்துவிட்டது. ஆனால் காற்சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நீரை உறிஞ்சிய டெனிம் துணி கனத்து, தொடையோடு ஒட்டி, முழங்காலை மடக்கவிடாமல் பிடித்து இழுக்கிறது. நடை தளர்கிறது. தங்குமிடம் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடுகிறது. குளிர்காற்றும் வீசத் தொடங்குகிறது. மாற்றுடை இல்லையேல் அவன் அந்த ஈர உடையிலேயே இரவைக் கழிக்க நேரிடும். மறுநாள் காலையிலும் அது உலர்ந்திராது.

இதனை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட இயலாது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல், சமவெளியைவிட 13 பாகை அளவுக்குக் குளிர்ந்திருப்பதன் காரணம் இதுவே. அதனுடன் ஈரமும் சேர்ந்துகொண்டால் நிலைமை மோசமாகும். ஏனெனில், நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் சென்றுவிடும். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்குமானால் நடுக்கம், பேச்சுக் குழறல், கால் தடுமாற்றம், மனக்குழப்பம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். கவனியாது விட்டால் உயிருக்கே ஆபத்தாகும். பனி பெய்யும் நாட்டில்தான் இவ்வாறு நேரும் என்றில்லை. மழையும் காற்றும் கூடிய எந்த மலையிலும் நேரலாம். 'பருத்தி கொல்லும்' என்றொரு வழக்கு மேனாட்டு மலையேறிகளிடையே உண்டு. சற்றுக் கடுமையான சொல்தான். எனினும் அனுபவத்தில் விளைந்த சொல்.

ஜீன்ஸ் பிறந்த கதை

ஜீன்ஸ் ஆடைமீது குற்றம் சுமத்துவது நம் கருத்தன்று. அது எந்த வேலைக்காகப் பிறந்தது என்பதை அறிந்தால் போதும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் இருந்தார். உழைப்பாளிகளின் காற்சட்டைப் பைகள் அடிக்கடி கிழிந்துபோவதைக் கண்ட அவர், பையின் மூலைகளில் செப்பு ஆணிகளை அடித்து உறுதிப்படுத்தினார். துணி வணிகரான லீவை ஸ்ட்ராஸ் என்பாருடன் சேர்ந்து, 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

இக்கதை நமக்கு இரண்டு பாடங்களைத் தருகிறது. முதலாவது, ஆடையின் உறுதி துணியின் தடிப்பில் மட்டும் இல்லை; இழுவிசை விழும் இடங்களை வலுப்படுத்துவதில் இருக்கிறது. இரண்டாவது, நாள் முழுதும் உழைத்து மாலையில் வீடு திரும்பி உடை மாற்றிக்கொள்ளும் மனிதருக்காக அது தைக்கப்பட்டது. இரண்டு மூன்று நாள்கள் ஒரே உடையுடன் மழையிலும் பனியிலும் நடப்பவருக்காகத் தைக்கப்பட்டதன்று.

எந்தத் துணி ஏற்றது?

துணியைத் தேர்வதற்கு அது நீரை எவ்வாறு நடத்துகிறது என்பதை அறிதல் வேண்டும். சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்திலிருந்தே நூறு கிராம் பருத்தி இழை ஏறத்தாழ 8 கிராம் நீரை ஈர்த்துக்கொள்ளும். நைலான் ஈர்ப்பது 4 கிராம் அளவே. பாலியெஸ்டரோ அரைக் கிராமுக்கும் குறைவாகவே ஈர்க்கும். ஆதலால் பின்னைய இரண்டும் நனைந்தாலும், இழைகளின் இடையே தங்கிய நீர் போனவுடன் விரைவில் உலர்ந்துவிடுகின்றன.

நைலான் 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியல் அறிஞரால் உருவாக்கப்பெற்றது. உராய்வைத் தாங்குவதில் அது சிறந்தது; பாறையில் அமர்ந்து எழுவோர்க்கும் முட்புதர் வழியே நடப்போர்க்கும் ஏற்றது. பாலியெஸ்டர் 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவரால் உருவாக்கப்பெற்றது. டெரிலீன் என்னும் பெயரில் அது புகழ் பெற்றதையும், பருத்தியுடன் கலந்து டெரிகாட்டன் என்று நம் கடைவீதிகளை நிறைத்ததையும் மூத்த தலைமுறையினர் மறந்திருக்கமாட்டார்கள்.

மலைநடைக்கென விற்கப்படும் காற்சட்டைகள் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் இழையுடன் சிறிதளவு எலாஸ்டேன் என்னும் நெகிழும் இழையைக் கலந்து நெய்தவை. நெகிழிழை காலை உயர்த்த உதவும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் துணி தளர்ந்து, முழங்காலில் புடைத்துவிடும். சிலவற்றில் சிறு சிறு கட்டங்கள் தெரியும். குறிப்பிட்ட இடைவெளியில் தடித்த இழைகளை ஊடும் பாவுமாக ஓட்டி நெய்த அத்துணிக்கு ரிப்ஸ்டாப் என்று பெயர். முள் குத்திக் கிழிந்தாலும், கிழிசல் அடுத்த தடித்த இழையில் தடைப்பட்டு நின்றுவிடும்.

தடிப்பே உறுதி என்னும் மயக்கமும் வேண்டாம். ஜீன்ஸ் துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ளது. அதில் பாதி எடைகூட இல்லாத நல்ல நைலான் துணி, மலைப்பாதையில் பல்லாண்டு உழைக்கும்.

எனினும் பருத்தியை முற்றும் விலக்க வேண்டுவதில்லை. மழையற்ற நாளில், தாழ்ந்த குன்றுகளில், காலையில் ஏறி மாலையில் இறங்குவோர்க்கு மெல்லிய பருத்திக் கலப்புத் துணி இதமாகவே இருக்கும். உயரமும் மழையும் இரவுத் தங்கலும் உள்ள பயணத்திற்கே நாம் கூறிய எச்சரிக்கை பொருந்தும்.

வெட்டும் தையலும்

துணி நன்றாயிருந்தும் வெட்டு சரியில்லையெனில் பயன் இல்லை. நெடும்பயணமாகத் திருத்தலங்களுக்கு நடந்து சென்றவர்கள், தொடை உராய்ந்து புண்ணாகும் வேதனையை நன்கறிவர். நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் கவட்டுப் பகுதியே அந்த உராய்வுக்கும், விரைவில் கிழிவதற்கும் இடமாகிறது. நல்ல மலைக்காற்சட்டையில் அவ்விடத்தில் வைர வடிவில் தனித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்திருப்பர். அதனால் தையல்கள் ஒரே இடத்தில் குவியாமல் விலகிச் செல்லும். காலை உயர்த்தும்போது துணியும் இழுபடாது. முழங்காலில் சிறு மடிப்புத் தையல்கள் இட்டுச் சற்றே வளைவாக வெட்டியிருப்பதும் நன்று.

உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். துணியோரங்கள் உள்ளே மடிக்கப்பட்டு இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா, பைகளின் வாய் மூலைகளிலும் ஜிப் முடியும் இடத்திலும் நெருக்கமான குறுக்குத் தையல் போடப்பட்டிருக்கிறதா என்பவற்றைக் கவனியுங்கள். ஜேக்கப் டேவிஸ் செப்பு ஆணியால் செய்ததையே இக்குறுக்குத் தையல் நூலால் செய்கிறது.

முதுகுப்பையின் இடுப்புப் பட்டை காற்சட்டையின் இடுப்பின்மேல் இறுக அமரும். ஆகவே பெரிய உலோகக் கொக்கியுள்ள பெல்ட் ஆகாது. அது சதையில் அழுந்திப் புண்ணாக்கும். தட்டையான நாடாவோ எலாஸ்டிக் பட்டியோ நலம். இடுப்பருகிலுள்ள பைகளைப் பட்டை மறைத்துவிடுவதால், தொடைப் பக்கத்தில் மூடியுள்ள பை ஒன்றிருப்பது பெருவசதி. முழங்காலில் ஜிப்பைக் கழற்றி அரைக்காற்சட்டையாக்கும் வகையும் உண்டு. அதனை வாங்குவோர் அந்த ஜிப் முழங்காலில் உரசாதா என்று நடந்து பார்த்தே வாங்குக.

நிறத்தைப் பொறுத்தவரை மங்கலான, வெளிறிய மண்நிறம் சிறந்தது. ஊர்ந்தேறும் அட்டையும் உண்ணியும் அதில் உடனே கண்ணுக்குத் தெரியும். அட்டை மிகுந்த சோலைக்காடுகளில் காற்சட்டையின் அடிப்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆதலால் கால்வாய் மிக அகலமாக இருத்தல் கூடாது.

நம் பெண்மக்களுக்கு

இப்பயணங்களில் பெண்மக்களும் பங்குகொள்வது மகிழ்ச்சிக்குரியது. உடலை ஒட்டிய லெக்கின்ஸ் நடக்க எளிது போலத் தோன்றினும் முட்கீறலுக்கும் கொசுக்கடிக்கும் காவலாகாது. தளர்வான மலைக்காற்சட்டையும் தொடைவரை நீண்ட மேற்சட்டையும் அணிந்தால் அடக்கமும் வசதியும் ஒருங்கே அமையும். சல்வார்தான் பழக்கம் எனில், கணுக்காலில் ஒடுங்கிய, விரைவில் உலரும் துணியாலான சல்வாரை அணியலாம். புதரில் சிக்கும் துப்பட்டாவை மட்டும் தவிர்த்தல் நலம். பெண்களுக்கென விற்கும் காற்சட்டைகளில் பைகள் பெயரளவுக்கே இருப்பது வழக்கம். கைக்குட்டையும் மருந்தும் கொள்ளுமா என்று கைவிட்டுப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கடையிலும் வீட்டிலும் சோதனை

கடையில் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பது போதாது. காற்சட்டையை அணிந்து, ஒரு நாற்காலியின்மேல் கால் வைத்து ஏறிப்பாருங்கள். முழுவதுமாகக் குந்தி எழுங்கள். சம்மணமிட்டு அமருங்கள். எங்கேனும் இழுத்தால், பத்துக் கிலோ சுமையுடன் ஏறும்போது அது இருமடங்காய் வருத்தும்.

வீட்டிற்கு வந்தபின் மற்றொரு சோதனை. புதிய காற்சட்டையையும் பழைய ஜீன்ஸையும் ஒருங்கே நனைத்துப் பிழிந்து நிழலில் கொடியில் போடுங்கள். எது எப்போது உலர்கிறது என்று பிள்ளையே கவனிக்கட்டும். நம் அறிவுரை நூறு சொல்லாததை அந்தக் கொடி ஒரு பிற்பகலில் சொல்லிவிடும். பயணத்திற்கு முன் இரண்டு மூன்று முறையேனும் அதை அணிந்து, சுமையுடன் நெடுந்தூரம் நடந்து பழகுதலும் இன்றியமையாதது.

நெருப்பைக் குறித்து ஓர் எச்சரிக்கை

நைலானும் பாலியெஸ்டரும் நெருப்பில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் இயல்பின. சமையல் அடுப்பின் அருகிலும் குளிர்காயும் நெருப்பின் அருகிலும் அவற்றை அணிந்திருப்போர் விலகியே இருத்தல் வேண்டும். ஒரு தீப்பொறி போதும் துளை விழ. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு மாதம் இளம் உயிர்கள் பலவற்றைக் கொண்டுபோன காட்டுத்தீயை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய பெருந்தீயினின்று எந்த ஆடையும் காப்பாற்றாது. முறையான அனுமதி, அறிந்த வழிகாட்டி, கோடையில் காட்டிற்குள் புகாத கட்டுப்பாடு ஆகியவையே அங்குக் காவல்.

விலையும் பேணுதலும்

மலையேற்றத்திற்கென்றே பெயரெடுத்த நிறுவனங்களின் காற்சட்டைகள் எளிய குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருக்கக்கூடும். அதற்காகக் கடன்பட வேண்டியதில்லை. பாலியெஸ்டர் மிகுதியாகக் கலந்த பழைய சீருடைக் காற்சட்டை தளர்வாக இருக்குமாயின், ஒருநாள் நடைக்கு அதுவே ஜீன்ஸைவிட மேலானது. நல்ல தையற்காரரிடம் கவட்டுத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்வதும் இயலாத காரியமன்று. எந்தக் காற்சட்டையாயினும் மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: விரைவில் உலருமா? காலோடு வளையுமா? நீண்டநாள் உழைக்குமா?

மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை நம் கையிலேயே இருக்கிறது. துவைக்கும்போது ஜிப்பை மூடி உட்புறம் வெளியே திருப்பிவிடுங்கள். கடும் வெயிலில் நெடுநேரம் கிடந்தால் நைலான் வலுவிழக்கும்; ஆகவே நிழலில் உலர்த்துங்கள். சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். சிறு தையல் பிரிந்ததுமே ஊசி நூலை எடுங்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று வளர்ந்தவர்கள் நாம்.

அந்த ஊசியையும் நூலையும் பிள்ளையின் பையிலும் ஒரு சிறு பொட்டலமாக வையுங்கள். நெகிழித்தாளில் சுற்றிய உலர்ந்த மாற்றுக் காற்சட்டை ஒன்றையும் உடன் வையுங்கள். மழை பெய்த இரவில் ஈர உடையைக் களைந்து அதை அணியும்போது, வீட்டில் தன்னை எண்ணி ஒருவர் பை கட்டினார் என்பதை அப்பிள்ளை உணரும். நலமே சென்று நலமே திரும்பட்டும்!