கணினிக் கணக்கின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



இரவு கடையைப் பூட்டினால் சாவியை மடியில் முடிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போகிறோம். கல்லாச் சாவியைப் பெற்ற மகனிடம் கொடுப்பதற்கே ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறோம். ஆனால் யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், யாருக்கு எவ்வளவு தர வேண்டும், குடோனில் எத்தனை மூட்டை இருக்கிறது என்ற மொத்த ரகசியமும் அடங்கிய கணினிக் கணக்கின் சாவியை மட்டும் கணக்குப் பிள்ளையிடம் விட்டுவிடுகிறோம். அந்தச் சாவி என்ன வார்த்தை என்றுகூடப் பலர் கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

சேலம் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை தொடங்கி ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வரை நான் போய்வரும் கடைகளில் இதைப் பார்க்கிறேன். சரக்கு எடுக்க வந்தவர், "நம்ம கணக்குல பாக்கி எவ்வளவுங்க?" என்று கேட்கிறார். "கணக்குப் பிள்ளை சாப்பிடப் போயிருக்கார், வந்ததும் பார்த்துச் சொல்றனுங்க" என்று முதலாளியே பதில் சொல்கிறார். பேரேட்டுக் காலத்தில் இப்படிச் சொன்னவர் உண்டா? மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரேட்டைப் புரட்டினால் அடுத்த நிமிடம் பாக்கி தெரிந்துவிடும். கணினி வந்த பிறகு முதலாளிக்கும் கணக்குக்கும் நடுவில் ஒரு கதவு விழுந்துவிட்டது. அந்தக் கதவை நாமே திறந்து உள்ளே போய்வரும் வழியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். எனக்குப் பிடிபட்டது உங்களுக்கும் பிடிபடும்.

வணிகருக்காகப் பிறந்த மென்பொருள்

நம் பகுதிக் கடைகளில் பெரும்பாலும் கண்ணில் படுவது டேலி என்ற கணக்கு மென்பொருள். ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன். இது வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, பக்கத்திலுள்ள பெங்களூரில் பிறந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரத்துக்குப் பொருத்தமான கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தம் மகன் பரத் கோயங்காவிடம் ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னாளில் டேலி ஆயிற்று. 2009-இல் டேலி ஈ.ஆர்.பி. 9 வந்தது; 2020-இல் டேலி பிரைம் வந்தது. அதே 2020-ஆம் ஆண்டில் பரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரு வியாபாரியின் தேவைக்காக எழுதப்பட்டதை ஒரு வியாபாரி கண்டு மிரள வேண்டியதில்லை.

திரை வேறு, கணக்கு வேறு

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பார்க்கும் திரை ஒரு ஜன்னல் மட்டுமே. கணக்கு முழுவதும் கணினியின் உள்ளே ஓர் இடத்தில் தொகுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தரவுத்தளம் என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் அது குறிப்பேடு, பேரேடு, சரக்குப் புத்தகம், பாக்கிப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த ஒரே கட்டு.

உதாரணமாக, ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு 50 கிலோ மூட்டையில் 10 மூட்டை துவரம் பருப்பு, கிலோ 110 ரூபாய் வீதம் கடனுக்கு அனுப்புகிறோம். 500 கிலோவுக்கு 55,000 ரூபாய். அந்தக் காலத்தில் குறிப்பேட்டில் எழுதி, அவர் பேரேட்டுப் பக்கத்தில் பற்று வைத்து, விற்பனைக் கணக்கில் வரவு வைத்து, சரக்குப் புத்தகத்தில் 500 கிலோவைக் கழிக்க வேண்டும். இப்போது ஒரு பில் போட்டால் நான்கும் அந்த நொடியே நடந்துவிடுகின்றன. வேலை மிச்சம்தான். ஆனால் அந்த ஒரு பில்லில் தவறான பெயரைத் தொட்டால் நான்கு இடத்திலும் தவறு ஏறிவிடும். முன்பு ஒரு புத்தகத்துப் பிழையை இன்னொரு புத்தகம் காட்டிக் கொடுத்தது. இப்போது அதைக் காட்டிக் கொடுக்க வேண்டியது நம் கண்தான்.

கடையில் ஒரு கணினி, குடோனில் ஒரு கணினி என்று வைத்து, இரண்டையும் கம்பியால் இணைத்திருப்பவர்கள் உண்டு. அப்போதும் கணக்கு இருப்பது ஒரு கணினியில்தான். மற்றது அதை எட்டிப் பார்க்கிறது. தாய்க் கணினியை நிறுத்திவிட்டால் குடோனில் கணக்கு திறக்காது. "கணக்கே போயிடுச்சுங்க" என்று பையன் பதறி ஓடிவந்தால், முதலில் தாய்க் கணினி ஓடுகிறதா என்று பாருங்கள்.

வாசலில் கேட்கும் இரண்டு கேள்விகள்

பாதுகாப்பு வசதியைப் போட்டிருந்தால், நம் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் டேலி இரண்டு கேள்வி கேட்கும். ஒன்று பயனர் பெயர், அடுத்தது பாஸ்வேர்டு. எதுவும் கேட்காமல் நேரே திறந்துகொண்டால் உங்கள் கணக்குக்குக் கதவே இல்லை என்று பொருள். வாரக் கூலிக்கு வந்த பையனும் ஐந்தொகையைப் பார்க்கலாம்.

கதவு போடும்போது தலைமைப் பயனர் என்ற இடத்தில் முதலாளியின் பெயர்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பெயர் கொடுப்பதும், எடுப்பதும், அவர்கள் பாஸ்வேர்டை மறந்தால் மாற்றிக் கொடுப்பதும் தலைமைப் பயனரால்தான் முடியும். கணக்குப் பிள்ளைக்கும் பில் போடும் தம்பிக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். பில் போடுபவர் எதைப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது, எத்தனை நாள் பின்தேதியிட்டு எழுதலாம் என்பதற்கெல்லாம் வரம்பு வைக்க முடியும். பிந்தைய பதிப்புகளில் எடிட் லாக் என்ற வசதியும் உண்டு. எந்தப் பதிவை யார், எப்போது மாற்றினார் என்று அது காட்டும். கம்பெனிச் சட்டப்படி பதிவான கம்பெனிகள் இத்தகைய தடம் வைக்கும் மென்பொருளையே 1-4-2023 முதல் பயன்படுத்த வேண்டும். தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு வியாபாரத்துக்கும் அந்த விதி பொருந்தாது. ஆனாலும் நமக்கு நல்லதை நாம் செய்துகொள்ளலாமே.

எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்தால் இந்த வசதி எதுவும் உதவாது. மாற்றியவர் யார் என்று கேட்டால் ஒரே பெயர்தான் வரும். இது யாரையும் சந்தேகப்படும் காரியம் அல்ல. பணம் குறைந்தால் நேர்மையான பையன் மீது பழி விழாமல் காப்பதும் இந்தத் தனிப் பெயர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பிள்ளைக்கும் முதலாளிக்கும் மனத்தாங்கல் வந்து, மாதம் 18-ஆம் தேதி அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. படிவம் 3பி செலுத்துவோருக்குக் கெடு அடுத்த மாதம் 20-ஆம் தேதி. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பெரியவர்கள் இருவர் அவர் வீடு வரை போய்ப் பேசித்தான் அந்த வார்த்தையைக் கேட்டு வந்தார்கள். நல்ல மனிதர், சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால்?

இன்னொரு எச்சரிக்கை. டேலி வால்ட் என்று தனியாக ஒரு பூட்டு உண்டு. அதைப் போட்டால் நிறுவனத்தின் பெயரே நட்சத்திரக் குறிகளாகத் தெரியும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் கணக்கைத் திறக்க வழியே இல்லை. அதைப் போடுபவர்கள் வார்த்தையைத் தாளில் எழுதி உறையில் ஒட்டி, வீட்டு இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். கணினித் திரையில் ஒட்டி வைப்பது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது போல.

உள்ளே போனதும் பார்க்க வேண்டியவை

கதவு திறந்ததும் வருவது கேட்வே ஆஃப் டேலி என்ற முகப்பு. அங்கே எதையும் தொடுமுன் மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, நிறுவனத்தின் பெயர். இரண்டு பெயரில் வியாபாரம் செய்பவர்கள் ஒன்றின் பில்லை மற்றொன்றில் போட்டுவிடுவது இங்கேதான்.

இரண்டாவது, கணக்குக் காலம். ஏப்ரல் பிறந்து புதுக் கணக்குத் தொடங்கியதும் போன வருடக் கணக்கைக் காணோம் என்று கலங்குகிறவர்கள் உண்டு. அது எங்கும் போகவில்லை. ஆல்ட் விசையுடன் எஃப் 2 அழுத்திப் பழைய தேதிகளைக் கொடுத்தால் வந்துவிடும்.

மூன்றாவது, நிறுவனப் பெயருக்கு எதிரே காட்டும் கடைசிப் பதிவின் தேதி. முதலாளிக்கு இது மிக முக்கியம். இன்று 15-ஆம் தேதி, அங்கே 9-ஆம் தேதி என்று இருந்தால், ஆறு நாள் பில் இன்னும் ஏறவில்லை என்று புரிந்துகொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நடமாடும் வழி

டேலிக்குள் நடமாடச் சுட்டெலி கூடத் தேவையில்லை. அம்புக்குறி விசையால் மேலும் கீழும் போகலாம். என்டர் அழுத்தினால் ஒரு படி உள்ளே போகும்; எஸ்கேப் அழுத்தினால் ஒரு படி வெளியே வரும். வழி தெரியாமல் எங்காவது மாட்டிக்கொண்டால் எஸ்கேப்பை ஒவ்வொரு தடவையாக அழுத்திக்கொண்டே வந்தால் முகப்புக்கு வந்து சேர்வீர்கள். வெளியேறலாமா என்று கேட்டால் மட்டும் நின்று யோசியுங்கள். டேலி பிரைமில் ஆல்ட் விசையுடன் ஜி அழுத்தி, வேண்டியதன் பெயரைத் தட்டினால் நேரே அங்கே போகலாம்.

பதிவு செய்யும் பக்கத்தில் எஃப் 4 வங்கிக்கும் கல்லாவுக்கும் இடையே பணம் மாறுவதற்கு. எஃப் 5 பணம் கொடுப்பதற்கு. எஃப் 6 பணம் வாங்குவதற்கு. எஃப் 8 விற்பனைக்கு. எஃப் 9 கொள்முதலுக்கு. தேதியை மாற்ற எஃப் 2. இத்தனையும் மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். வராத விசைகளைக் கணக்குப் பிள்ளையிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்.

திறந்தவுடன் கல்வி முறை என்ற பொருளில் எஜுகேஷன் மோட் என்று காட்டினால், உரிமம் இயங்கவில்லை என்று பொருள். அப்போது 1, 2, 31 போன்ற சில தேதிகளில் மட்டுமே பில் போட முடியும். பையன் அந்தத் தேதிகளில் பில்லை ஏற்றிவிடுவதற்கு முன் மென்பொருள் விற்றவரைக் கூப்பிடுங்கள்.

முதலாளிக்குப் பத்து நிமிடம்

பில் போடுவது முதலாளியின் வேலை என்று நான் சொல்லவில்லை. தினமும் கடை கட்டும் முன் பத்து நிமிடம் நான்கு இடங்களைப் பார்த்தால் போதும்.

டே புக் என்பது நம் நாள்வழிக் குறிப்பேடு. அன்றைய பில் ஒவ்வொன்றும் வரிசையாக நிற்கும். சந்தேகமான வரியில் என்டர் அழுத்தினால் அந்தப் பில்லே திறக்கும். வேண்டாத விற்பனைப் பில்லை அழிக்காமல் ரத்து செய்யச் சொல்லுங்கள். ரத்து செய்தால் பில் எண் அப்படியே நிற்கும். அழித்தால் எண் வரிசையில் குழப்பம் வரலாம்.

அடுத்தது ரொக்கக் கணக்கு. கணினி காட்டும் இருப்பும் கல்லாவில் எண்ணிய பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கணினியில் ரொக்கம் கழித்தல் குறியோடு நின்றால், வாங்கிய பணம் ஏதோ பதிவாகவில்லை. இல்லாத பணத்தைக் கல்லா கொடுத்திருக்க முடியாதல்லவா?

மூன்றாவது சரக்கு இருப்பு. பிலிக்கல்பாளையத்திலிருந்து வெல்லம் வந்து இறங்கி, விற்றும் போயிருக்கும். கொள்முதல் பில் மட்டும் ஏறாமல் இருக்கும். கணினியில் வெல்லம் கழித்தலில் நிற்கும். வாரம் ஒரு சரக்கையாவது குடோனில் எண்ணி ஒப்பிடுங்கள்.

நான்காவது அவுட்ஸ்டாண்டிங், அதாவது வர வேண்டிய பாக்கி. எந்தப் பில் எத்தனை நாளாக நிற்கிறது என்று இது காட்டும். முன்பு சொன்ன 55,000 ரூபாயில் அவர் 20,000 கட்டினால், எந்தப் பில்லுக்கு என்று சொல்லி வரவு வைக்க வேண்டும். அப்போதுதான் மீதி 35,000 அந்தப் பில்லின் பேரில் நிற்கும். மொத்தமாக வரவு வைத்துவிட்டால் பழைய பாக்கி எது, புதுப் பாக்கி எது என்று தெரியாமல் போகும். எழுதாத கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள். எழுதியும் பார்க்காத கடனும் அப்படித்தான்.

எழுந்திருக்கும் முன்

வேலை முடிந்ததும் நிறுவனக் கணக்கை மூடிவிட்டு எழுந்திருங்கள். திறந்தபடி போனால், அடுத்து உட்காருபவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் ஏறும். பிறகு பேக்கப் எடுங்கள். திங்களுக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று இரண்டு பென் டிரைவ்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் வீட்டில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்கவும் வேண்டும். அப்படி ஏற்றும்போது நடப்புக் கணக்கு இருக்கும் இடத்தில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் புதிய கணக்கின் மேல் பழையது உட்கார்ந்துவிடும். வேறோர் இடத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும். மின்சாரம் போனால் கணக்கைச் சரியாக மூடும் அளவுக்காவது யு.பி.எஸ். இருக்கட்டும்.

இன்று மாலை கடை கட்டும் முன் கணக்குப் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, உங்கள் பெயரில் ஒரு வாசலைத் திறந்துகொள்ளுங்கள். நாளை ஒருவர் வந்து "பாக்கி எவ்வளவுங்க?" என்று கேட்டால், நீங்களே பார்த்துச் சொல்லலாம்.