ஓடுபாதை விளக்குக்கு வெளியார் சான்று ஏன் வேண்டும்?

ஓடுபாதை விளக்குகளால் விமானிக்கோ பயணிக்கோ ஷாக் அடிக்கப் போவதில்லை. அந்த ஆபத்து அவற்றைப் பழுதுபார்க்கும் எலக்ட்ரீஷியனுக்குத்தான். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ, இச்சாதனங்களுக்கு வெளியார் சான்று கேட்பதன் நியாயமும் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அந்த ஆபத்து எப்படி வருகிறது? வீட்டில் ஒவ்வொரு பல்புக்கும் 230 வோல்ட் தனித்தனியே போகிறது. மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையில் அப்படி இழுத்தால் கடைக்கோடி விளக்கு மங்கிப்போகும். அதனால் விளக்குகளைத் தொடராகக் கோத்து, கான்ஸ்டன்ட் கரன்ட் ரெகுலேட்டர் மூலம் பெரும்பாலும் 6.6 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சீராகச் செலுத்துகிறார்கள். விளக்குகள் கூடினாலும் ஓட்டம் குறையக்கூடாது என்றால் மின்னழுத்தம் ஏறித்தான் ஆகவேண்டும். 30 கிலோவாட் ரெகுலேட்டர் முழுச்சுமையில் ஏறத்தாழ 4,500 வோல்ட் தருகிறது. தரைக்கடியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால், 200 வாட் விளக்கின் முனையில் 30 வோல்ட்தான் இருக்கும். பல்பு போனாலும் தொடர் அறுபடாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரோ மழைநீர் தேங்கும் குழியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. அதன் உள் மின்காப்பு உடைந்தால் உயரழுத்தம் விளக்கு வரை வந்துவிடலாம். கேபிள் அறுந்தாலும் ரெகுலேட்டர் மின்னோட்டத்தைத் தள்ளவே முயலும். அறுந்த முனைகளில் அழுத்தம் எகிறும். அதை உடனே உணர்ந்து ரெகுலேட்டர் தானே நின்றுவிட வேண்டும். நிற்குமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தயாரிப்பாளரே சோதித்துக்கொண்டால் ஆகாதா என்று கேட்கலாம். விற்க வேண்டியவரே தேர்வாளராகவும் இருப்பது சரியல்ல. எஃப்ஏஏ ஏற்றுக்கொண்ட தனி அமைப்பு சாதனத்தைச் சோதிக்கிறது. தேறியவை பட்டியலில் இடம்பெறுகின்றன. அமெரிக்க மத்திய அரசு மானியத்தில் வாங்கும் விமான நிலையங்கள் அதிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனால் விலை ஏறுகிறது, சிறு நிறுவனங்கள் நுழையத் தயங்குகின்றன என்ற குறை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வகமே இல்லாத சிறிய விமான நிலையம் ஒன்று உயரழுத்தக் காப்பை எப்படிச் சோதிக்கும்? ஓரிடத்தில் நடக்கும் சோதனை எல்லோருக்கும் பயன்படுகிறது. எல்இடி வந்தபின் மின்செலவு குறைந்துவிட்டதே, ஆபத்தும் குறையாதா என்பது இன்னொரு வாதம். சுமை குறைவதால் வழக்கமான அழுத்தம் குறையும்தான். ஆனால் பழைய ரெகுலேட்டரையும் கேபிளையும் அப்படியே வைத்து விளக்கை மட்டும் மாற்றினால், தொடர் அறுபடும்போது அழுத்தம் அந்த ரெகுலேட்டரால் தர முடிந்த அளவுக்கு ஏறிவிடும்.

சான்றுக்கும் எல்லை உண்டு. ஆய்வகத்தில் தேறிய கேபிளையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஈரமான குழியில் அவசரமாக இணைத்தால், அந்த இணைப்புக்கு எந்தச் சான்றும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றின் மின்காப்பையும் மெகர் என்னும் காப்புத்தடை அளவியால் அளந்து, பழைய அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பராமரிப்பில் கட்டாயமாக இருக்க வேண்டும். அளவு சரிந்துகொண்டே வந்தால், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அந்தச் சுற்றை நிறுத்திப் பழுதைத் தேட வேண்டும்.