வெள்ளியிலிருந்து வந்த எதிரொலி

2012 ஜூன் 6 அன்று இந்தியாவில் பொழுது விடிந்தபோதே சூரியனின் முகத்தில் ஒரு கரும்பொட்டு தெரிந்தது. நமக்கும் சூரியனுக்கும் நடுவே வெள்ளிக் கோள் கடந்துகொண்டிருந்தது. அப்படியொரு இடைநகர்வு இனி 2117 டிசம்பரில்தான்.

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை? சிற்றலையில் அவர்கள் கண்டம் தாண்டிப் பேசுவதே சூரியன் தயவில்தான். சூரியனின் புற ஊதாக் கதிர்களால் உருவாகும் அயனி மண்டலம்தான் அலைகளை வளைத்துப் பூமிக்குத் திருப்புகிறது. சூரிய கிரகணத்தின்போது அந்தக் கதிர்வீச்சு குறைகிறது. பகலில் அலைகளை உறிஞ்சும் 'டி' அடுக்கும் மெலிகிறது. 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தில் அமெரிக்க ஹாம்கள் திரளாகக் கூடி இதை ஆராய்ந்தார்கள். வெள்ளி மறைப்பதோ சூரிய வட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் சிற்றலையில் எந்த மாற்றமும் காதுக்கு எட்டாது.

ஆனால் இடைநகர்வின்போது வெள்ளி நெருங்கி வருகிறதே, அந்த நெருக்கம் ஹாம்களுக்குப் பெரிய வரம். சூரியனுக்கும் பூமிக்கும் இடையே வரும்போது வெள்ளி சுமார் 4.2 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு வந்துவிடுகிறது. தூரம் இரட்டித்தால் வெள்ளியில் பட்டுத் திரும்பும் எதிரொலி பதினாறில் ஒன்றாகச் சுருங்கும் என்பதால், அங்கே குறி அனுப்பிப் பார்க்க அதைவிட நல்ல வேளை கிடையாது. 2009 மார்ச் 25 அன்று ஜெர்மனியின் போகும் நகரில், அம்சாட்-டிஎல் என்ற ஹாம் அமைப்பினர் 20 மீட்டர் டிஷ்ஷிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸில், சுமார் 5 கிலோவாட் ஆற்றலில் வெள்ளியை நோக்கி அலை அனுப்பினார்கள். ஏறக்குறைய 5 நிமிடம் கழித்து எதிரொலி வந்தது. மறுநாள் மோர்ஸில் 'ஹாய்' என்று அனுப்பினார்கள். பெரிய அரசு ராடார்களின் வேலையை ஆர்வலர்கள் செய்துகாட்டினார்கள் என்பதை நினைக்க இன்றும் சிலிர்க்கிறது.

2009-இன் அந்த நெருக்கத்தில் இடைநகர்வு நிகழவில்லை. வெள்ளியின் பாதை சாய்ந்திருப்பதால் அது சூரியனுக்கு 8 பாகை வடக்கே விலகிப் போனது. அதுவே நல்லதாயிற்று. சூரியன் வலிமையான ரேடியோ இரைச்சல் மூலம்; மார்ச்சிலும் அக்டோபரிலும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே அது வரும்போது டிவி படம் சிதறுவது இதனால்தான். அந்த டிஷ்ஷின் பார்வை அகலம் கிட்டத்தட்ட சூரிய வட்டத்தின் அளவுதான். இடைநகர்வு நாளில் அதை வெள்ளிப் பக்கம் திருப்பினால் சூரியனின் இரைச்சலே நிறைந்து, மெல்லிய எதிரொலி மூழ்கிப்போகும்.

ஆகவே ஹாம்கள் 2117 வரை காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளி சுமார் 584 நாளுக்கு ஒருமுறை நெருங்கி வருகிறது. 2025 மார்ச்சில் அப்படி வந்தபோது, நெதர்லாந்தின் ட்விங்கெலூவிலுள்ள 25 மீட்டர் தொலைநோக்கியிலிருந்து ஆர்வலர்கள் அனுப்பிய குறியும் வெள்ளியில் பட்டுத் திரும்பியது.