ஏற்காட்டுப் பாதையில் முன் டயர் படும் பாடு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. சேர்வராயன் மலையின் குளிர்ந்த காற்றை நாடி மோட்டார் சைக்கிளில் செல்லும் அன்பர்கள் அநேகர். பிழைப்புக்காகத் தினமும் ஏறி இறங்குவோரும் உண்டு. முன் டயர் சீக்கிரம் தேய்ந்துவிட்டால் இவர்கள் பழியை டயரின் மீது போட்டு, புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். சில மாதங்களில் அதுவும் அதே கதியை அடைகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்!

டயரைக் குறை கூறுமுன் அது எவ்விதம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வலப்புறம் சற்று அதிகமாகத் தேய்ந்திருந்தால் திகைக்க வேண்டாம். நாம் சாலையின் இடப்பக்கமாகச் செல்கிறவர்கள். ஆகையால் இடது வளைவில் உள்வட்டமாகவும், வலது வளைவில் வெளிவட்டமாகவும் திரும்புகிறோம். இரண்டு தடங்களுக்கும் இடைவெளி 3 மீட்டர் என்று கொண்டால், ஓர் அரைவட்டத் திருப்பத்தில் வெளிவட்டம் சுமார் 9 மீட்டர் அதிகம். ஏறும்போது இடதாக இருந்த வளைவு இறங்கும்போது வலதாகிவிடும். ஆக, ஒருமுறை ஏறி இறங்கினால் டயரின் வலப்புறம் ஏறக்குறைய 180 மீட்டர் கூடுதலாக உழைக்கிறது. இது பாதையின் கணக்கு. வண்டியின் கோளாறு அன்று.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகமாக இருக்கலாம். இரண்டு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு.

கிண்ணம் கிண்ணமாக ஆழக் குழிந்திருந்தால்தான் விஷயம் வேறு. 1955-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் முதல் இன்றைய பெரும்பாலான வண்டிகள் வரை, முன் போர்க்கின் குழாய்களுக்குள் ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கின்றன. ஸ்பிரிங் அதிர்ச்சியைத் தாங்குகிறது. எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே பாய்ந்து அதன் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் பழுதடைந்தாலும் கசிந்து குறைந்தாலும் சக்கரம் துள்ளித் துள்ளி விழும்; விழும் இடமெல்லாம் ரப்பர் அரிபடும்.

இதில் பண நஷ்டம் பெரிதல்ல. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு வருகிறது. துள்ளும் சக்கரத்துக்கு அந்தக் கணத்தில் தரையில் பிடிப்பு இராது. மழை நனைத்த வளைவில் அந்த ஒரு கணமே உயிருக்கு அபாயம்.

சோதிப்பது சுலபம். முன் பிரேக்கைப் பிடித்தபடி கைப்பிடியை அழுத்தி விடுங்கள். வண்டி ஒருமுறை எழுந்து அமைதியடைய வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெயை மாற்றும் வேளை வந்துவிட்டது. இரண்டு குழாய்களிலும் ஒரே அளவு எண்ணெய் இருப்பது முக்கியம். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, போர்க்கை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் ஹேண்டில் பாரின் பேரிங்கைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஆளை ஏற்றினால் பின் ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கி வைப்பது நலம். காற்றை மட்டும் வாரம் ஒருமுறை, டயர் சூடேறுமுன் அளந்து கொள்ளுங்கள்.

டயரின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால், புது டயர் மாட்டாமல் மலை ஏறக் கூடாது. ஆனால் அதை மாட்டுமுன் போர்க்கைச் சரிபார்த்து விடுங்கள்!