டைனோசரை விடுங்க... தூசியைப் பாருங்க!

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் எடுத்தபோது, உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை!' என்று யாரோ கொளுத்திப் போட, வாட்ஸ்அப் பற்றிக்கொண்டது. அடைகாக்கக் கோழி தேடாததுதான் பாக்கி. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். முட்டையாவது, ஆம்லெட்டாவது? அம்மோனைட் என்ற கடல் பிராணியைச் சுற்றி இறுகிய கல் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், ஆர்வம் புஸ்ஸென்று போய்விட்டது.

போயிருக்கக்கூடாது என்பது என் கட்சி. டைனோசரால் சினிமாக்காரர்களுக்குக் காசு. பெட்ரோல், சிமென்ட் ஆசாமிகளுக்குக் காசு கொடுப்பது இந்த மாதிரி சில்லறைப் பிராணிகள்தான்.

சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னால் பெரம்பலூர் பக்கம் கடல். பாடாலூர் அருகே காரை கிராமத்தின் செம்மண் பள்ளங்களில் இன்றைக்கும் அம்மோனைட்டும் சுறாப் பல்லும் கிடைக்கின்றன. (சாளக்கிராமத்தில் தெரிகிற சுருளும் அம்மோனைட்தான்; அது கண்டகி நதிச் சரக்கு.) 1840-களிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கே பொறுக்கியதைக் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு பாறைகளை உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். பெரம்பலூரும் அரியலூரும் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்த மாவட்டங்கள். பிளான்ஃபோர்டு போட்ட பிரிவினை மட்டும் அப்படியே நிற்கிறது!

சரி, இதற்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம்?

சுவரில் சினிமா போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டுவார்கள் இல்லையா? ஒவ்வொன்றாக உரித்தால், எந்தப் படம் வருகிறது என்பதை வைத்து வருஷம் சொல்லிவிடலாம். இதற்கு வெள்ளிவிழாப் படம் உதவாது. எல்லா ஊரிலும் ரிலீஸாகி ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போன படம்தான் துல்லியம். புதைபடிவத்திலும் அப்படியே: உலகமெங்கும் பரவி, சீக்கிரமே அழிந்த ஜந்துவுக்குத்தான் மவுசு.

அந்த வேலைக்கு அம்மோனைட் கெட்டிக்காரன்தான். ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, துரப்பணத்தின் பல்லில் சிக்கி நொறுங்கிவிடும். தப்பிப்பது ஃபொராமினிஃபெரா. ஒரே செல் பிராணி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கிணற்றிலிருந்து சேற்றோடு வரும் கல்தூளைக் கழுவி, சலித்து, உலர்த்தி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் குட்டிக் குட்டி ஓடுகள் தெரியும். குளோபோட்ரங்கானா என்று ஒரு வகை, டைனோசர்களோடு 6.6 கோடி வருஷத்துக்கு முன் காலி. தோண்டத் தோண்ட முதன்முதலாக அது தலைகாட்டினால், அந்தக் காலத்துக்குள் இறங்கிவிட்டோம் என்று அர்த்தம். பி.காம். பாஷையில் இது லைஃபோ முறை... கடைசியாக வந்த சரக்கு முதலில் வெளியே!

பக்கத்துக் கிணற்றில் அதே ஓடு 400 மீட்டர் கீழே வந்தால், அடுக்கு அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது. எண்ணெய் மேட்டுப் பக்கம் ஏறி, மூடி மாதிரியான களிப்பாறைக்கு அடியில் பதுங்கியிருக்கலாம். ஓடு எண்ணெயைக் காட்டாது. எங்கே நிற்கிறோம் என்று காட்டும். பல கோடி ரூபாய் இறங்கும் இடத்தில் அது சின்ன விஷயமா?

1921-ல் அமெரிக்காவில் எஸ்தர் ரிச்சர்ட்ஸ் என்ற பெண் (பின்னால் எஸ்தர் ஆப்ளின்) இதைச் சொன்னபோது, காலோவே என்ற புரொபசர் 'காலேஜிலிருந்து நேற்று வந்த பெண் நமக்குச் சொல்வதா' என்கிற ரீதியில் எகிறினார். அந்தம்மா இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து 1925-ல் டெக்ஸாஸ் கிணறுகளை வைத்தே நிரூபித்துவிட்டார். காலோவே? 1933-ல் ஃபொராமினிஃபெரா பற்றியே தலையணை சைஸில் புத்தகம் போட்டார்!

நம்மூருக்கு வருவோம். காரையிலும் அரியலூரிலும் வெயில் காயும் அந்தக் காலத்துப் பாறை, கிழக்கே போகப் போக டெல்டாவுக்கு அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் இறங்கிவிடுகிறது. 1964-ல் ஓ.என்.ஜி.சி. காவிரிப் படுகையில் முதல் கிணறு போட்டது. நரிமணத்தில் எண்ணெய் வந்தது 1980-களில். ஆழத்தில் இருக்கும் அடுக்குகளின் பெயரைக் கேளுங்கள்: ஆண்டிமடம், புவனகிரி, குடவாசல், நன்னிலம், கமலாபுரம்... கண்டக்டர் ஸ்டாப் கூவுகிற மாதிரி இல்லை? கீழிருந்து வரும் தூளை ஒப்பிட்டுப் பார்க்க, மேலே காலால் நடந்து போகக்கூடிய மாதிரிப் பிரதிதான் காரையும் அரியலூரும்.

மகரந்தத் தூளும் கைகொடுக்கும். பூமிச் சூட்டில் அது மஞ்சள், பழுப்பு, கறுப்பு என்று நிறம் மாறும், தோசை மாதிரி. மஞ்சளென்றால் இன்னும் வேகவில்லை. முறுகலான பழுப்பு என்றால் எண்ணெய் உண்டாகியிருக்கலாம். கருகியிருந்தால் எண்ணெயை மறந்துவிட வேண்டியதுதான். கேஸ் இருந்தால் உண்டு.

தோண்டலாமா என்பது வேறு கேள்வி. 2021-ல் அரியலூர் மாவட்டத்தில் சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. கேட்ட அனுமதியைத் தமிழ்நாடு மறுத்தது. விவசாயிகளின் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன். எண்ணெய் நிற்கலாம், சுண்ணாம்புக்கல் நிற்கவில்லை. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பெரும் பங்கு கடல் சிப்பிதான். சிப்பி அடுக்கைப் பின்தொடர்ந்தால் சுரங்கம். நம் ஆபீஸ் சுவரில்கூட ஒரு அரியலூர் சிப்பி பவுடராகி உட்கார்ந்திருக்கலாம். எனக்கும் வீடு வேண்டும், சிமென்ட் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு அடுக்கை அரைப்பதற்கு முன், எந்த ஓடு எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதி வைத்தாக வேண்டும்.

காரை பக்கம் பைக்கில் போகிற நண்பர்களே, உங்களுக்கும் இதேதான். சுருள் கல்லைப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பாக்கெட்டில் மட்டும் போடாதீர்கள். இருந்த இடம் தெரியாத படிவம், தேதியில்லாத வவுச்சர். எந்த ஆடிட்டரும் பாஸ் பண்ணமாட்டார்.