ஒன்பதாவது தோட்டாவுக்குப் பிறகு

மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் காசைக் கொட்டுவது ரைஃபிளில்தான். பார்க்க எடுப்பாக இருப்பதும் அதுதான். மாட்டிக் கழற்றக் கடைகளில் அதிக உதிரிபாகங்கள் கிடைப்பதும் அதற்குத்தான். ஆனால் போட்டி முடிந்து மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் நொடிகள் கரைந்த இடம் வேறாக இருக்கும். காலியான ஷாட்கன்னை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடுப்புப் பட்டையில் தோட்டா தேடிய இடம் அது. ஆகவே ஆயுதத் தேர்வு பற்றிய இந்த வாரக் கட்டுரையை ஷாட்கன்னிலிருந்தே தொடங்குகிறேன்.

1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பர் தலைமையில் நடைமுறைத் துப்பாக்கி சுடுதலுக்கான சர்வதேச அமைப்பு உருவானதைச் சென்ற வாரம் பார்த்தோம். அது பிஸ்டலை மட்டும் வைத்துத் தொடங்கிய ஆட்டம். பிஸ்டல், ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் ஒரே போட்டிக்குள் கொண்டுவந்ததில் ‘சோல்ஜர் ஆஃப் ஃபார்ச்சூன்’ பத்திரிகை 1980களில் நடத்திய போட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு அரிசோனாவின் மேசா, நியூ மெக்சிகோவின் ராட்டன் போன்ற ஊர்களின் வறண்ட நிலத்தில் இந்தப் போட்டிகள் வளர்ந்து நிற்கின்றன.

ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். அசையாமல் நிற்பதுதான் அங்கே கலை. இங்கே நிற்கவே நேரம் இல்லை. டைமர் ஒலித்ததும் முந்நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள இரும்புத் தகடுகளை ரைஃபிளால் அடிக்க வேண்டும். அதை அங்கே உள்ள பீப்பாய்க்குள் பத்திரமாக வைத்துவிட்டு ஓடி, ஷாட்கன்னை எடுத்து விழும் தகடுகளையும் களிமண் தட்டுகளையும் தீர்க்க வேண்டும். கடைசியில் பிஸ்டலை உருவிக் காகித இலக்குகளுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் கணக்கு எளிது: எடுத்துக்கொண்ட நேரம், அதோடு தவறுகளுக்கான அபராத நொடிகள். காகித இலக்கில் நடுப்பகுதியில் ஒரு குண்டு, அல்லது எங்காவது இரண்டு குண்டு பட்டால் போதும் என்பது பரவலான விதி. போதுமான துல்லியம் வந்தவுடன் அடுத்த இலக்குக்கு நகர்ந்துவிட வேண்டும். கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே அளவுகோலை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

போட்டியாளர்கள் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். ‘ஓப்பன்’ பிரிவில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. ஷாட்கன்னுக்குக்கூடப் பெட்டி மேகஸின் மாட்டிக்கொள்ளலாம். ‘ஹெவி மெட்டல்’ என்ற பிரிவில் .308 ரைஃபிள், கையால் இழுத்துச் சுடும் 12 கேஜ் பம்ப் ஷாட்கன், .45 பிஸ்டல் என எல்லாமே கனமான சமாச்சாரம். கூட்டம் அதிகம் சேர்வது ‘டேக்டிகல்’ பிரிவில். அங்கே மூன்று துப்பாக்கிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஸ்கோப்தான். அதை எல்லோரும் ரைஃபிளில் வைத்துக்கொள்கிறார்கள். ஷாட்கன்னில் குழலுக்குக் கீழே உள்ள குழாய் மேகஸின் மட்டுமே. பல போட்டிகளில், தொடங்கும்போது அதற்குள் ஒன்பது தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் ஸ்டேஜ் எனப்படும் ஒவ்வொரு சுற்றையும் அமைப்பவர் இருபது ஷாட்கன் இலக்குகளைத் தாராளமாக நட்டு வைத்திருப்பார். அந்த ஒன்பது தீர்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் போட்டியின் முடிவு இருக்கிறது.

குழாய் மேகஸினுக்குள் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தள்ளித்தான் நிரப்ப வேண்டும். பழைய முறையில், இடது கையால் நான்கு தோட்டாக்களை ஒரே பிடியில் எடுத்து ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளுவார்கள். நன்றாகப் பழகியவருக்கும் தோட்டாவுக்குச் சுமார் ஒரு நொடி ஆகிவிடும். 2010களில் இன்னொரு முறை பரவியது. பட்டையில் தோட்டாக்கள் இரண்டிரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஷாட்கன்னைத் தலைகீழாகப் புரட்டித் தோளில் சாய்த்து, நான்கை ஒரே பிடியில் எடுத்து, ஜோடி ஜோடியாக உள்ளே தள்ளுகிறார்கள். எட்டுத் தோட்டா நான்கைந்து நொடிக்குள் போய்விடுகிறது. பழைய முறையோடு ஒப்பிட்டால் ஒரே ஸ்டேஜில் ஐந்தாறு நொடி மிச்சம். ரைஃபிளில் எவ்வளவு செலவழித்தாலும் இந்த ஐந்தாறு நொடியை வாங்க முடியாது.

ஆனால் கடையிலிருந்து வரும் ஷாட்கன் இந்த வேகத்துக்கு இடம் தராது. அது வாத்து வேட்டைக்காரருக்காகச் செய்யப்பட்டது. அவருக்கு இரண்டு மூன்று தோட்டாவே போதும், அவசரமும் இல்லை. அடிப்பக்கத்தில் தோட்டா நுழையும் வாய் குறுகலாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் தகடு, அவசரத்தில் கட்டை விரலைக் கவ்விப் பிடித்துத் தோலை உரிக்கும். ஆகவே ஷாட்கன்னில் முதல் செலவு இந்த வாயில்தான் ஆக வேண்டும். துப்பாக்கி வேலை தெரிந்த கைவினைஞர் அந்த வாயை அகலமாக்கி, விளிம்புகளைச் சரிவாகச் சீவி வழுவழுப்பாக்குவார். தூக்குத் தகட்டை விரல் சிக்காதபடி நீட்டிக் கொடுப்பார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. வேறு எந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

எந்த ஷாட்கன்னை வாங்குவது? களத்தில் அதிகம் கண்ணில் படுவது இத்தாலியின் பெனெல்லி எம்2. அது வேலை செய்யும் விதம் அழகானது. சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கிறது. உள்ளே, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதற்கும் அதன் தலைக்கும் நடுவே உள்ள கெட்டியான சுருள்வில் அமுங்குகிறது. அந்த வில் விரியும் விசையில் போல்ட் பின்னால் பாய்ந்து வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. வெடிவாயு உள்ளே வருவதில்லை என்பதால் அழுக்கு குறைவு, துப்பாக்கியும் இலேசு. ஆனால் துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் இந்த ஏற்பாடே இயங்கும். நீளமான மேகஸின் குழாய், பக்கவாட்டில் தோட்டாப் பட்டை என்று எடையைக் கூட்டிக்கொண்டே போனால் உதைப்பு குறைகிறது. மென்மையான மலிவுத் தோட்டாக்களில் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். வாயுவால் இயங்கும் பெரெட்டா 1301 போன்றவை தோளுக்கு இதமானவை, தோட்டாவிலும் அவ்வளவு பிடிவாதம் இல்லாதவை. கரியை மட்டும் ஒழுங்காகத் துடைக்க வேண்டும். துருக்கியில் தயாராகும் ஸ்டோகர் எம்3000, பெனெல்லியின் அதே தத்துவத்தில், அதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. வாயைச் சீவுவதற்கான காசையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், முதல் ஷாட்கன்னாக அது மோசமில்லை.

மாஸ்பெர்க் நிறுவனம் ஜெர்ரி மிக்குலெக் பெயரின் முதல் எழுத்துகளை வைத்து ‘930 ஜேஎம் ப்ரோ’ என்று ஒரு ஷாட்கன்னை விற்றது. லூசியானாவைச் சேர்ந்த மிக்குலெக், 1999-இல் ஆறு குண்டு ரிவால்வரில் ஆறு சுட்டு, மீண்டும் நிரப்பி, இன்னும் ஆறு சுட்டு, எல்லாவற்றையும் 2.99 நொடியில் முடித்தவர். சுட்ட வேகத்தைவிட நடுவில் நிரப்பிய வேகத்தில்தான் எனக்கு வியப்பு.

ஷாட்கன்னில் இன்னொரு சிக்கல், அதற்குள் போகும் தோட்டா ஒரே ரகம் அல்ல. தகடுகளுக்கும் களிமண் தட்டுகளுக்கும் சிறிய ஈயமணிகள் நிறைந்தது. தூரத்துக் காகித இலக்குக்கு ஒற்றை ஈயக்கட்டியான ‘ஸ்லக்’. ஈயமணிக்கென்று வைத்த அருகிலுள்ள இரும்புத் தகட்டில் ஸ்லக் பட்டால் சில்லு திரும்பித் தெறிக்கும். பல போட்டிகளில் அப்படிச் சுட்டவரை அந்த இடத்திலேயே வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே பட்டையில் ஸ்லக்குக்கு என்று தனி இடம் வேண்டும், ஈயமணித் தோட்டாக்கள் நிற்கும் வரிசையிலிருந்து விலகி, தொட்ட மாத்திரத்தில் வித்தியாசம் தெரிகிற இடமாக. குழல் முனையில் திருகும் சோக் மிக இறுக்கமாக இருந்தால் ஸ்லக்குக்கு ஆகாது. மிகத் தளர்ந்திருந்தால் மணிகள் சீக்கிரம் பரந்து தூரத்துத் தகடு விழாது. பெரும்பாலோர் நடுத்தரத்துக்குச் சற்றுத் தளர்வான சோக்கில் நிற்கிறார்கள். பிறகு ஸ்லக் எங்கே போகிறது என்பதை ஐம்பது மீட்டரில் காகிதத்தில் சுட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே துப்பாக்கியில் ஒரு கம்பெனி ஸ்லக் மேலேயும் இன்னொன்று இடது பக்கமும் போவது சகஜம்.

இனி ரைஃபிள். ஏஆர்-15 வகை, .223 தோட்டா, 18 அங்குலக் குழல், முன்முனையில் உதைப்பை அடக்கும் பிரேக் — இவற்றில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஸ்கோப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உருப்பெருக்கம் ஒன்றிலிருந்து ஆறு வரை மாறும் ஸ்கோப் இந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தது போன்றது. ஒன்றில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்தபடி பக்கத்து இலக்குகளை வாரிக்கொண்டு போகலாம், ஆறில் வைத்தால் முந்நூறு மீட்டர்த் தகடு தெளிகிறது. இருநூறு கெஜத்தில் சரிசெய்து வைத்த .223 ரைஃபிள், முந்நூறு கெஜத்தில் ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் கீழே அடிக்கும். அந்த இறக்கத்தை ஸ்கோப்புக்குள் உள்ள கோடுகளை வைத்தே பிடித்துக்கொள்கிறார்கள். ஓடுகிற கடிகாரத்தின் முன்னால் திருகுகளைத் திருகிக்கொண்டிருக்க முடியாது.

ரைஃபிளில் பலர் வழுக்குவது எடை குறைத்த உள்பாகங்களில். சுடும்போது வாயுவின் ஒரு பகுதி சிறு துளை வழியாகப் பின்னால் வந்து போல்ட்டைத் தள்ளுகிறது. அந்தத் துளையில் வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு வைத்து, போல்ட்டைத் தாங்கும் பாகத்தையும் இலேசாக்கினால், ரைஃபிள் கையில் அசையாமல் நிற்கும். குறிப்புள்ளி இலக்கை விட்டு நகராது. ஒருமுறை சுட்டுப் பார்த்தவர் மயங்கிவிடுவார். ஆனால் வாயுவை எவ்வளவு குறைக்கிறோமோ அந்த அளவுக்கு மிச்சபலமும் குறைகிறது. வேறு கம்பெனித் தோட்டா, ராட்டன் மலைப்பக்கத்துக் காலைக் குளிர், நூற்றுக்கணக்கான குண்டுகளின் கரி, கொஞ்சம் மணல் எல்லாம் சேர்ந்தால் போல்ட் பாதியில் நிற்கும். தடைபட்ட ஒரு தோட்டாவை எடுக்க ஆகும் நேரம், மென்மையான உதைப்பு ஒரு போட்டி முழுவதும் தந்த லாபத்தை விழுங்கிவிடும். வாயுவைக் குறைக்க வேண்டியதுதான்; ஆனால் ரைஃபிள் ஒழுங்காக ஓடும் கடைசிப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்தாமல், அதற்கு முன்னால் தாராளமான இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

பாதுகாப்புக் குமிழைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் போட்டியிலிருந்து வெளியேற்றப்படுபவர்களில் பலர் இதில் கோட்டை விட்டவர்கள். ஒரு துப்பாக்கியைப் பீப்பாயில் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடும்போது, வைத்தது முழுவதும் காலியாக இருக்க வேண்டும், அல்லது அதன் பாதுகாப்புக் குமிழ் போடப்பட்டிருக்க வேண்டும். குழல் முனை சொன்ன திசையைத்தான் பார்த்திருக்க வேண்டும். மறந்தால் அன்றைய நாள் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். எனவே ரைஃபிளுக்கு இரு பக்கமும் இயக்கக்கூடிய குமிழ், ஷாட்கன்னுக்குக் கையுறை போட்ட விரலுக்கும் அகப்படும் பெரிய பொத்தான், இரண்டும் அவசியம். விலை அதிகமில்லை. வண்ணம் பூசுவதற்கும் பெயர் பொறிப்பதற்கும் முன்னால் இதைச் செய்துவிடலாம்.

பிஸ்டலுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 17 தோட்டா கொள்ளும் க்ளாக் 34 போதும், உண்மையிலேயே போதும். ஜான் பிரவுனிங்கின் 1911 வடிவத்தை அகலமாக்கி இரட்டை வரிசை மேகஸின் வைத்த ‘2011’ வகையின் சுடும் விசை (ட்ரிகர்) அருமையானது. அதன் விலை க்ளாக்கைப் போலப் பல மடங்கு. இந்த ஆட்டத்தில் பிஸ்டலின் பங்கு பெரும்பாலும் அருகிலுள்ள இலக்குகளே என்பதால், அந்தப் பணத்தை முதல் வருடம் தோட்டாவுக்குச் செலவிடலாம். உறை மட்டும் இறுக்கிப் பிடிப்பதாக இருக்கட்டும். குழாய்க்குள் தவழும்போதோ சுவர் ஏறிக் குதிக்கும்போதோ பிஸ்டல் கீழே விழுந்தால் அதுவும் வெளியேற்றம்தான்.

நம் நாட்டில் இது ஏன் இல்லை என்று கேட்கும் வாசகர்களுக்கு: தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளும் 9 மி.மீ. பிஸ்டலும் இந்தியாவில் சாதாரண உரிமத்தில் கிடைக்காது. 2019-இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒரு சாதாரண உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளே இரண்டுதான். அமெரிக்காவிலும் எல்லா மாநிலமும் ஒன்றல்ல. கலிபோர்னியா போன்ற இடங்களில் பத்துக்கு மேல் கொள்ளும் மேகஸின்களுக்குத் தடை உண்டு.

கடைசியாகப் பட்டை. உள்ளே மெல்லிய ஒன்றை அணிந்து, அதன்மேல் விறைப்பான இன்னொன்றை ஒட்டுத்துணியால் பிடிக்கவைக்கும் இரட்டைப் பட்டைதான் நிற்கிறது, ஓடும்போது ஆடுவதில்லை. அதில் எது எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒரு முறை முடிவான பிறகு மாற்றக் கூடாது. ஷாட்கன் தோட்டாக்கள் கை இயல்பாக விழும் இடத்தில், முன்பக்கம் இடதுபுறம் இருக்கட்டும். மற்றவை அதற்கு விட்டுக்கொடுக்கட்டும். பிறகு வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா எட்டு வாங்கி, காலியான ஷாட்கன்னுடன், அசல் தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், கட்டிலைப் பார்த்து நின்று தினமும் நிரப்பிப் பழக வேண்டும். கீழே விழும் தோட்டா மெத்தையில் விழும். குனிந்து பொறுக்கும் நேரமும் மிச்சம். முதலில் மெதுவாக, ஜோடி நழுவாமல் போகும்வரை. டைமரை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.

(தொடரும்)