வில்பத்து வனத்தில் ஒரு பகல்

பழந்தமிழ் நூல்களுக்குப் பொருள் கூறுவோர் கையாளும் எளிய வழியொன்றுண்டு. அறியாத மரத்தின் பெயர் வந்தால் 'ஒரு மரம்' என்பர். அறியாத விலங்கின் பெயர் வந்தால் 'ஒரு விலங்கு' என்பர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வரும் நானும் அவ்வழி வந்தவனே. முல்லைத் திணையை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, "ஐயா, இவற்றுள் எவற்றைத் தாங்கள் கண்ணாற் கண்டிருக்கிறீர்கள்?" என்று பணிவோடு வினவினான். விடை கூற என்னால் இயலவில்லை. அவ்வினாவே கடந்த ஆனி மாதத்தில் என்னை வில்பத்துக்கு இட்டுச் சென்றது.

இலங்கையின் வடமேற்குத் தாழ்நிலத்தில், தெற்கே கலா ஓயாவுக்கும் வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் இடையே, ஏறக்குறைய 1,317 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடக்கின்றது இவ்வனம். 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பெற்றது. உள்நாட்டுப் போரினால் 1988 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. பின்னரும் சில ஆண்டுகள் மூடப்பட்டு, 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது.

'வில்லு' என்பது இக்காட்டின் தனிச்சிறப்பு. மனிதர் அணைகட்டி அமைத்த குளமன்று அது. மழைநீர் தானே தேங்கும் ஆழமற்ற இயற்கைத் தடாகம். சில வில்லுகளில் நன்னீர்; சிலவற்றில் உவர்நீர். கோடையில் நீர் சுருங்கச் சுருங்கக் கரைப் புல்வெளி அகலும். மான் கூட்டங்கள் அங்கே வந்து கூடும். நாங்கள் கண்ட வில்லின் ஒருபுறம் புள்ளிமான்கள் மேய்ந்தன. மறுபுறம் முதலையொன்று மரக்கட்டைபோற் கிடந்தது.

பாலை என்றதும் வெந்து வறண்ட நிலமே நம் நெஞ்சில் எழும். ஆனால் வன்னி மக்கள் பாலையென வழங்கும் மரமோ, அவ்வறட்சிக் காலத்திலேயே மஞ்சள் நிறத் தீங்கனிகளைச் சொரிகின்றது. கரடியொன்று அம்மரத்தின் உச்சிக்கிளையில் அமர்ந்து, எங்கள் வண்டியைச் சிறிதும் பொருட்படுத்தாது பழம் உண்டுகொண்டிருந்தது.

சற்றுத் தொலைவில், கருமுகமும் நீள்வாலுமுடைய குரங்குகள் மரத்தின்மேல் தளிர் கொய்தன. அவை உதிர்த்தவற்றை மான்கள் கீழே நின்று தின்றன. 'முசு' என்பது இதுவே. நிகண்டில் ஒரு சொல்லாக மனனஞ் செய்ததை அன்றுதான் உயிரோடு கண்டேன். திடீரென ஒரு முசு கரகரத்த குரலெழுப்பிற்று; மான்கள் யாவும் ஒருங்கே தலை நிமிர்ந்தன. "சிறுத்தை பக்கத்தில்தான் நிற்கிறது, மாஸ்டர், பேசாதீர்கள்" என்றார் சாரதி. அரைமணி நேரம் மூச்சடக்கிக் காத்திருந்தோம். சிறுத்தை வெளிவரவில்லை. எனினும் எனக்குக் குறை தோன்றவில்லை. காணாத ஒன்றைக் காடு முழுவதும் அறிந்திருந்ததைக் கண்டேன் அல்லவா?

மாலையில் பொம்பரிப்பு வழியாகத் திரும்பினோம். அகழ்வாராய்ச்சியாளர் பண்டைய ஈமத்தாழிகளைக் கண்டெடுத்த இடம் அது. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிட்டு அறிஞர் எழுதியுள்ளனர். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த அம்மக்களும் இப்பறவைகளின் குரலைக் கேட்டிருப்பர். இம்மரங்களுக்குப் பெயரிட்டு அழைத்திருப்பர். அவர்கள் மறைந்தனர், அவர்கள் வாழ்ந்த நிலத்தைக் காடு மூடிக்கொண்டது. மனிதர் நீங்கிய இடத்தில் காடு வளரும்; காடு அழிந்தபின் அதன் உயிர்கள் எங்கே போகும்?

ஊர் திரும்பியதும் என் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். 'பாலை - ஒரு மரம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, அதன் இலை, கனி, கனியுண்ட கரடி யாவற்றையும் எழுதினேன். மறுநாள் அம்மாணவனையே அழைத்து வகுப்பில் வாசிக்கச் செய்தேன்.

அவன் பேரப்பிள்ளைகளும் அம்மரத்தைக் காணல் வேண்டும். அது மண்ணிலிருந்து நீங்குமாயின், நான் அடித்த அந்தப் பழைய உரையே மீண்டும் மெய்யாகிவிடும்: 'ஒரு மரம்.'